பரதகண்டத்து நடன மரபுகளைக் கற்பிக்கும் முறை

நடனம் நம் நாட்டுப் பாடசாலைகளிலே ஒரு பாடமாக அமைந்து பல ஆண்டுகள் ஆயின. மாணாக்கர் அடவுகளை ஆடுகின்றனர்; முத்திரைகளின் பெயர்களை ஒப்பிக்கின்றனர்; பரீட்சையிலே சித்தியும் அடைகின்றனர். ஆயினும், அவர்களை நோக்கி, “குச்சுப்புடி யாது? ஒடிசி யாது? அவை பரதநாட்டியத்தின் வேறாதல் எங்ஙனம்?” என்று வினாவினால், “அவை யாவும் பரதநாட்டியத்திலிருந்து பிறந்தவை, உடையும் மொழியுமே வேறு” என்னும் விடையே பெரும்பாலும் வருகின்றது. “நம் நடனம் ஈராயிரம் ஆண்டாகச் சிறிதும் மாறாது வருவது” என்று அதனோடு சேர்த்துச் சொல்வாரும் உளர். இவ்விரு கூற்றும் உண்மையல்ல. பெருமை கருதியேனும் உண்மையல்லாததைப் பிள்ளைகளுக்குப் புகட்டுதல் ஆசிரியத் தொழிலுக்கு இழுக்கு. அன்றியும், இக்கூற்றுக்களால் ஒருசாராருக்கு அநியாயமும் நிகழ்கின்றது. அது யாதென்பது பின்னே விளங்கும்.

1. நூல் கூறும் நெறி

பரதமுனிவர் பெயரால் வழங்கும் நாட்டியசாத்திரமே இக்கலைக்கு நமக்குக் கிடைத்துள்ள பழைய பெருநூல். தேசந்தோறும் ஆடல்முறை வேறுபடும் என்பதை அந்நூலே எடுத்துக் கூறுகின்றது. அவந்தி, தாக்ஷிணாத்தியம், பாஞ்சாலம், ஓட்டிரமாகதம் எனப் பிரவிருத்திகள் நான்கினை அது வகுக்கின்றது. பிரவிருத்தியாவது ஒவ்வொரு தேசத்தாருடைய உடை, மொழி, ஒழுக்கம் என்பவற்றை அரங்கிலே புலப்படுத்தும் முறை. இவற்றுள் தாக்ஷிணாத்தியம் தென்னாட்டு முறை. ஓட்டிரமாகதம் ஒட்டரநாடு மகதநாடு முதலிய கீழைத்தேசங்களின் முறை.

13ஆம் நூற்றாண்டிலே சார்ங்கதேவர் இயற்றிய சங்கீதரத்தினாகரம் மார்க்கம், தேசி என்று இருவகை கூறும். நூல்வழி வருவது மார்க்கம். அவ்வந்நாட்டு மக்களின் உள்ளத்துக்கு உவப்பாக அவ்வந்நாட்டிலே வழங்குவது தேசி. ஆகவே தேசவழக்கு என்பது மூலத்தினின்றும் கெட்டுத் திரிந்த ஒன்றன்று. நூலாசிரியர்கள் ஏற்று இலக்கணம் வகுத்த ஒன்றேயாம். ஒரு மரபைத் தாயென்றும் மற்றையவற்றை அதன் சேய்களென்றும் கூறுதல் நூலுக்கு ஒவ்வாது. ஒருசாலை மாணாக்கர் பலர் என்று கூறுதலே பொருந்தும்.

இதனை ஓர் எளிய உதாரணத்தாலே வகுப்பில் விளக்கலாம். நந்திகேசுவரர் செய்ததாக வழங்கும் அபிநயதர்ப்பணம் ஒற்றைக்கை முத்திரைகள் 28 என்றும் இரட்டைக்கை முத்திரைகள் 23 என்றும் கூறும். நாட்டியசாத்திரம் கூறும் தொகை முறையே 24, 13. மலையாளநாட்டிலே கதகளிக்கு ஆதாரமாகிய ஹஸ்தலக்ஷணதீபிகை 24 முத்திரை கூறும். தொகை மாத்திரமன்றி வடிவமும் வேறுபடும். பரதநாட்டியத்திலே விரல்களைச் சேர்த்து நீட்டிப் பெருவிரலை மடக்கினால் அது பதாகம்; மோதிரவிரலையும் மடக்கினால் திரிபதாகம். கதகளியிலோ மோதிரவிரல் மடங்கிய கையே பதாகம் எனப்படும். பெயர் ஒன்று; கை வேறு. இரண்டனுள் எது பிழை? ஒன்றும் பிழையன்று. ஒரு சொல் ஒரு நாட்டிலே ஒரு பொருளிலும் மற்றொரு நாட்டிலே வேறொரு பொருளிலும் வழங்குதல் போல்வது இது. இவ்வொன்றைப் பிள்ளைகள் தம் கையாலே செய்து பார்ப்பார்களாயின், பத்துப் பக்கம் வாசித்தாலும் பெறாத தெளிவைப் பெறுவர்.

2. கல்லும் உடலும்

நாட்டியசாத்திரத்தின் 4ஆம் அத்தியாயம் 108 கரணங்களைக் கூறும். அவை சிதம்பரத்துக் கோபுரவாயில்களிலே செதுக்கப்பட்டுள்ளன. தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானத்தின் மேல்நிலையிலே 81 கரணங்கள் செதுக்கப்பட்டு, எஞ்சிய கற்கள் வெறுமையாக விடப்பட்டுள்ளன. இச்சிற்பங்களைக் காட்டி, “நம் நடனம் மாறாது வந்தமைக்கு இவையே சான்று” என்பார் பலர். கரணமாவது கையும் காலும் உடலும் ஒருங்கே இயங்கும் இயக்கம். சிற்பியோ அவ்வியக்கத்தின் ஒரு கணத்தையே கல்லிலே நிறுத்தினான். அதற்கு முன்னே உடல் எங்ஙனம் இருந்தது, பின்னே எங்ஙனம் சென்றது, எந்தத் தாளத்திலே சென்றது என்பவற்றைக் கல் சொல்லாது. அவற்றைச் சொல்ல வல்லது ஓர் ஆடுநரின் உடலே. குரு ஆடிக்காட்ட, மாணாக்கர் கண்டு பயில, அங்ஙனமே தலைமுறை தலைமுறையாக வந்ததே நடனம். ஆதலால், ஒரு நடனத்தின் வரலாறாவது அதனை உடலிலே தாங்கி வந்த மக்களின் வரலாறேயாகும்.

இவ்வுண்மையை முதலாம் இராசராசன் அறிந்திருந்தான். பெருவுடையார் கோயிற் கல்வெட்டு ஒன்றிலே, பல ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சைக்கு வருவிக்கப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருடைய பெயர்கள், எந்த ஊர் எந்தக் கோயிலிலிருந்து வந்தவர் என்னும் குறிப்போடு, ஒவ்வொன்றாக வெட்டப்பட்டிருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு மனையும் 100 கலம் நெல் வருவாயுள்ள ஒரு பங்கும் கொடுக்கப்பட்டன. ஓராயிரம் ஆண்டின் முன்னே அரசன் அவர்கள் பெயரைக் கல்லிலே எழுதுவித்தான். இன்று நாம் அவர்கள் வழிவந்தோர் ஒருவர் பெயரையேனும் கரும்பலகையிலே எழுதுகின்றோமா?

3. வினாக்கள் நான்கு

எந்த மரபைக் கற்பிக்கும்போதும் பின்வரும் நான்கு வினாக்களை முறையாக வினாவுக.

முதலாவது: எவ்விடத்திலே ஆடப்பட்டது? கோயிலிலா, அரசவையிலா, ஊர்மன்றிலா, மடத்திலா?
இரண்டாவது: எவர் காத்தனர்?
மூன்றாவது: எம்மொழிப் பாட்டுக்கு ஆடப்பட்டது?
நான்காவது: உடலின் அடிப்படை நிலை யாது?

உடை, அணி என்பவற்றை இறுதியிலே கூறலாம். பிள்ளைகள் முதலிலே காண்பது உடையேயாயினும், எளிதிலே மாறுவதும் அதுவே.

4. மரபுகள்

தமிழகம். இன்று பரதநாட்டியம் எனப்படுவது முன்னே சதிர், சின்னமேளம், தாசியாட்டம் என்னும் பெயர்களால் வழங்கியது. கோயிலிலும் தஞ்சை அரசவையிலும் ஆடப்பட்டது. ஆடியவர் தேவரடியார் குலத்துப் பெண்கள், கற்பித்தவர் நட்டுவனார். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே தஞ்சையிலே விளங்கிய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் சகோதரர் நால்வர், அலாரிப்பு, சதீசுவரம், சப்தம், வருணம், பதம், தில்லானா என இன்று நாம் பயிலும் ஒழுங்கினை அமைத்தனர். பாட்டு மொழி தெலுங்கும் தமிழும் வடமொழியும். அரைமண்டியே அடிப்படை நிலை: முழங்கால் இரண்டும் பக்கவாட்டிலே விரிந்து மடிய, மேலுடல் நிமிர்ந்து நிற்கும்.

ஆந்திரம். குச்சுப்புடி என்பது கிருஷ்ணா மாவட்டத்து ஊரொன்றின் பெயர். அவ்வூர்ப் பிராமணக் குடும்பத்து ஆடவரே பெண்வேடமும் பூண்டு ஊர் ஊராகச் சென்று ஆடிய நாடகம் அது. சித்தேந்திர யோகி இயற்றியதாகக் கொள்ளப்படும் பாமாகலாபத்திலே சத்தியபாமையாக வருவோன் தானே பேசுவான், பாடலுக்கு வாயசைப்பான், ஆடுவான். நாடகமாய்ப் பிறந்தமையாற் பேச்சும் இதன் உறுப்பாயிற்று. பித்தளைத் தட்டின் விளிம்பிலே நின்று ஆடும் தரங்கம் இதற்குச் சிறப்பு. வேதாந்தம் சத்தியநாராயண சர்மா (1935–2012) சத்தியபாமை வேடத்தாற் பெரும்புகழ் பெற்றார். வெம்பட்டி சின்னசத்தியம் (1929–2012) சென்னையிலே பெண்கள் பலருக்குக் கற்பித்தார். ஆடவர் கலையாயிருந்தது இன்று பெரும்பாலும் பெண்கள் ஆடுவதாயிற்று.

ஒடிசா. பூரி செகந்நாதர் கோயிலிலே ஆடியவர் மகாரிகள் எனப்படும் பெண்கள். கோயிற்குப் புறத்தே பெண்ணுடை தரித்து ஆடிய சிறுவர் கோட்டிபுவர் எனப்பட்டனர். செயதேவர் 12ஆம் நூற்றாண்டிலே இயற்றிய கீதகோவிந்தமே தலையாய பாட்டு. அக்கோயிலிலே அதனையே பாடுதல் வேண்டும் என்று பிரதாபருத்திரதேவன் 1499இலே கட்டளையிட்ட கல்வெட்டு இன்றும் உண்டு. அடிப்படை நிலைகள் இரண்டு: சதுரமாக அமர்ந்து நிற்கும் சௌகம், தலை, இடை, முழங்கால் என்னும் மூன்றிடத்தும் வளைந்து நிற்கும் திரிபங்கம்.

மலையாளநாடு. கொட்டாரக்கரைத் தம்புரான் இயற்றிய இராமனாட்டத்திலிருந்து 17ஆம் நூற்றாண்டிலே வளர்ந்தது கதகளி. ஆடவர் ஆடும் இந்நாடகத்திலே நடிப்போன் வாய்திறவான். பாடகர் பின்னே நின்று பாடக் கையாலும் கண்ணாலும் முகத்தாலும் பொருளைக் காட்டுவான். பச்சை, கத்தி, தாடி, கரி, மினுக்கு என முகவேடம் ஐவகைப்படும். செண்டையும் மத்தளமும் முழங்க, பாதத்தின் வெளிவிளிம்பை ஊன்றி நிற்பான். இதே நாட்டுப் பெண்கள் ஆடும் மோகினியாட்டமோ மென்மையாய் அசைவது. ஒரே நாட்டிலே இரு மரபு இருத்தலை மாணாக்கர் கவனிக்க.

வடநாடு. கதைசொல்வோராகிய கதகர் வழி வந்தது கதக். இலக்குமணபுரி எனப்படும் இலக்னோ, செயப்பூர், காசி என்னும் ஊர்களின் பெயரால் இதன் மரபுகள் வழங்கும். அவத் நாட்டு அரசர் வாஜித் அலி ஷா (ஆட்சி 1847–1856) தாமும் ஆடவல்லவர். அவர் அவையிலே இந்துக் குடும்பத்துக் குருமார் கண்ணன் கதைகளை ஆடினர். கணிகையர் இல்லங்களிலும் இக்கலை வளர்ந்தது. இதற்கு அரைமண்டி இல்லை. உடல் நேராக நிற்கும். நூற்றுக்கு மேற்பட்ட சதங்கைகள் கட்டிய கால்களால் தபலையோடு கணக்கிட்டு மிதித்தலும், விரைந்து சுழலுதலும் இதன் இயல்பு. முகம்மதிய அரசவையும் வைணவக் கதையும் ஒருங்கே வளர்த்த கலை இது.

மணிப்புரி. அரசர் பாக்கியச்சந்திரர் காலத்திலே, 1779இலே, கோவிந்தசி திருமுன் இராசலீலை ஆடப்பட்டது. அதற்கு முன்னரே அந்நாட்டிலே இலாய் அரவோபா என்னும் பழைய வழிபாட்டு ஆட்டம் உண்டு. ஆடும் பெண்கள் காலிலே சதங்கை கட்டார். மிதித்தலில் ஓசை எழாது. முகபாவமும் அடக்கமானது. பக்தி ஆடலுக்கு உரத்த குறிப்பு வேண்டாம் என்பது அவர்கள் கொள்கை.

அசாம். சங்கரதேவர் (1449–1568) வகுத்த வழியிலே சத்திரம் எனப்படும் வைணவ மடங்களிலே துறவியர் ஆடிய ஆடல் சத்திரியா. ஆடவர் மடத்துக்குள்ளே ஐந்நூறாண்டு காத்த இம்மரபை இன்று பெண்களும் ஆடுகின்றனர்.

இங்கே ஒரு பயிற்சி. கீதகோவிந்தத்தை ஒடிசியிலே ஆடுவர். பரதநாட்டியத்திலும், கதக்கிலும், மணிப்புரியிலும் ஆடுவர். கதகளி தொடங்குமுன் மேளப்பதத்திலே பாடுவர். நூல் ஒன்றே. அது ஒவ்வொரு நாட்டிலும் எவ்வாறு ஆடப்படுகின்றது என்பதைப் படங்கொண்டு ஒப்பிட்டுக் காட்டினால், தேசவழக்கு என்பதன் பொருள் தானே விளங்கும்.

5. இருபதாம் நூற்றாண்டிலே நிகழ்ந்தவை

இம்மரபுகள் இன்றுள்ள பெயரும் வடிவமும் பெற்றது பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டிலேயாம். இதனை மறைத்தலாகாது.

தமிழகத்திலே நிகழ்ந்தது இது. சிறு பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்று முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்டசபையிலே 1927இலே பிரேரணை கொணர்ந்தார். அவருடைய தாயார் அக்குலத்திலே பிறந்தவர். தாம் தெரிந்துகொள்ளும் வயது வருமுன்னரே வாழ்வு தீர்மானிக்கப்பட்ட பெண்களின் துன்பத்தை அவர் அறிவார். கலை அழிதலாகாது என்று வழக்கறிஞர் கிருஷ்ண ஐயர் வாதாடினார். 1931இலே சென்னைச் சங்கீத வித்துவசபையிலே கல்யாணி புதல்வியர் ஆடினர். 1932இலே அச்சபை இக்கலையைப் பரதநாட்டியம் என்று அழைக்கத் தீர்மானித்தது. உருக்மிணிதேவி 1935இலே அரங்கேறி, 1936இலே கலாக்ஷேத்திரத்தைத் தாபித்தார். 1947இலே பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்திலே நிறைவேறியது.

தீமை ஒழிந்தது நன்றே. ஆயின், உயர்குலத்துப் பெண்கள் புதிய பெயரோடு அரங்கேறிய அதே காலத்திலே, அக்கலையைத் தாங்கி வந்த குடும்பத்துப் பெண்கள் பலர் அரங்கையும் சீவனத்தையும் ஒருங்கே இழந்தனர். உருக்மிணிதேவிக்குக் கற்பித்தவர்களுள் மயிலாப்பூர்க் கௌரியம்மாளும் பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம்பிள்ளையும் (1869–1954) அடங்குவர். அக்குலமரபிலே வந்த பாலசரஸ்வதி (1918–1984) உலகெங்கும் ஆடிப் புகழ்பெற்றார். “பழைய நடனம் இழிந்திருந்தது, பிறர் அதனை எடுத்துத் தூய்மை செய்தனர்” என்று ஒரே வாக்கியத்திலே கற்பித்துவிட்டால், கொடுத்தவர் பெயர் மறைந்து, பெற்றவர் பெயரே நிற்கும். நான் முன்னே குறித்த அநியாயம் இதுவே.

மற்றை நாடுகளிலும் இத்தகைய மாற்றங்கள் நிகழ்ந்தன. வள்ளத்தோள் நாராயணமேனோன் 1930இலே நிறுவிய கேரள கலாமண்டலம் கதகளியைக் காத்தது. மோகினியாட்டம் அங்கே மீண்டும் உருப்பெற்றது. இரவீந்திரநாத தாகூர் 1919இலே சில்கெட்டிலே மணிப்புரி ஆடலைக் கண்டு அதனைச் சாந்திநிகேதனத்துக்குக் கொணர்ந்தார். கட்டாக்கிலே 1958–1959 அளவிலே செயந்திகா என்னும் குழுவிலே கூடிய குருமார் ஒடிசியின் ஆடல் ஒழுங்கை வகுத்தனர். அவர்களுள் பங்கச்சரண்தாசர் மகாரிக் குடும்பத்தவர். கேளுசரண் மகாபாத்திரர் (1926–2004) இளமையிலே கோட்டிபுவராய் ஆடியவர். பூரியின் மகாரிகளுள் ஒருவராகிய சசிமணி 2015இலே இறந்தார். சத்திரியாவைச் சங்கீத நாடக அகாதெமி 2000இலேதான் செந்நெறி நடனங்களுள் ஒன்றாக ஏற்றது. ஆகவே “செந்நெறி நடனம் எட்டு” என்னும் தொகையும் அண்மைக் காலத்ததே.

மாறியது என்று சொல்வதால் மதிப்புக் குறைந்துவிடுமோ என அஞ்சுவார் உளர். குறையாது. வழிவழி வந்த ஆலமரத்துக்குப் புதிய விழுது இறங்குதல் குற்றமன்று; விழுதே இல்லையென்று மறுத்தலே குற்றம்.

6. பாடம் நடத்தும் முறை

ஒரு பாடவேளையில் இரண்டு மரபுக்கு மேல் எடுக்கற்க. கரும்பலகையிலே நான்கு வினாக்களையும் நிரலாக எழுதி, இரு மரபுக்கும் இரு பத்தி வகுக்க. விடைகளை மாணாக்கரைக் கொண்டே நிரப்புக. அரைமண்டி, சௌகம், திரிபங்கம், கதக்கின் நேர்நிலை என்பவற்றை எழுப்பி நிறுத்திக் காட்டுவிக்க. நின்று பார்த்தவன் மறவான். பதாகக் கையின் வேற்றுமையைத் தவறாது காட்டுக. ஒவ்வொரு மரபுக்கும் அதனைக் காத்தவர் ஒருவர் பெயரையேனும் எழுதாமற் பாடத்தை முடிக்கற்க.

கொழும்பிலே 1877இலே பிறந்த ஆனந்த குமாரசுவாமி, அபிநயதர்ப்பணத்தை ஆங்கிலத்திலே மொழிபெயர்ப்பதில் ஒருவராயிருந்து 1917இலே வெளியிட்டார். சதிர் இகழப்பட்ட காலத்திலே அதன் இலக்கணநூலை உலகத்தார் கையிலே கொடுத்தவர்களுள் நம் நாட்டவர் ஒருவரும் இருந்தார் என்பதையும் மாணாக்கர் அறிதல் நன்று.

பயிற்சி வினாக்கள்

1. நாட்டியசாத்திரம் கூறும் பிரவிருத்திகள் நான்கும் யாவை?
2. மார்க்கம், தேசி என்பவற்றின் வேற்றுமை யாது?
3. பதாகம் என்னும் பெயர் பரதநாட்டியத்திலும் கதகளியிலும் எவ்வெக் கையைக் குறிக்கும்? செய்து காட்டுக.
4. குச்சுப்புடியிலே பேச்சு இடம்பெறவும் கதகளியிலே நடிப்போன் பேசாதிருக்கவும் காண்கின்றோம். இரண்டிலும் பொருள் புலப்படும் வழியை ஒப்பிடுக.
5. மகாரி, கோட்டிபுவர், நட்டுவனார், தளிச்சேரிப் பெண்டுகள் என்போர் யாவர்?
6. “கோயிற் சிற்பங்களே நடனத்தைக் காத்தன” என்பது பொருந்துமா? காரணங் காட்டி எழுதுக.

ஆறாவது வினாவுக்கு மாணாக்கர் எழுதும் விடையைக் கொண்டே நமது கற்பித்தலை நாம் அளந்துகொள்ளலாம். கல்லைப் புகழ்ந்து நிறுத்துவானாயின் அவன் நடனத்தின் பெயரையே கற்றான். அக்கல்லிலே பெயர் பொறிக்கப்பெற்ற பெண்களையும், பெயர் பொறிக்கப்படாது ஆடி மறைந்தோரையும் நினைந்து எழுதுவானாயின், அவன் நடனத்தைக் கற்றான்.